முகம் மட்டும் பாக்கி

ஜனவரி 8, ஞாயிறு

இந்த டைரி எனக்குக் குப்பைக்கூடையில் கிடைத்தது. புது வருஷத்துக்கு மருந்துக் கம்பெனிக்காரர்கள் டாக்டர்களுக்குக் கொடுப்பார்கள். ஒரு டாக்டர் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் கூடையில் போட்டுவிட்டார். கூடையைக் காலி செய்கிறவள் நான், அதனால் டைரி என்னுடையது. ஒவ்வொரு பக்கத்துக்கு அடியிலும் சர்க்கரை மாத்திரை விளம்பரம். இருந்துவிட்டுப் போகட்டும்.

முதல் பக்கத்தில் பெயர், ஊர், வேலை என்று கோடு போட்டிருந்தது. முப்பிடாதி. தென்காசிக்கு மேற்கே ஒரு ஊர். வேலை என்ற கோட்டில் 'ஆஸ்பத்திரி, ஷார்ஜா' என்று எழுதினேன். அது பொய் இல்லை.

இன்று லீவு. துணி துவைத்தேன், தலைக்கு எண்ணெய் வைத்தேன், புளிக்குழம்பு கொதிக்க வைத்தேன். எங்கள் அறையில் நான்கு பேர். நான், நேபாளத்து பிம்லா, சிலோன்காரி சாந்தனி, பிலிப்பைன்ஸ்காரி மரிவிக். ஒரே கம்பெனி, ஒரே ஆஸ்பத்திரி. பிம்லா பிரசவ வார்டில் குப்பை எடுக்கிறாள். சாந்தனி கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறாள். மரிவிக் கீழ்த்தளத்து லாண்டரியில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறாள். பேசுவது இந்தி பாதி, இங்கிலீஷ் பாதி, விட்டுப்போனதுக்குக் கை. மரிவிக் சொல்வதையெல்லாம் நான் என் பாஷையில்தான் எழுதப்போகிறேன். அவள் வந்து திருத்தவா போகிறாள்.

அவளுக்கு என் பெயர் வாயில் நுழையாது. 'மூப்பி ஆத்தெ' என்கிறாள். அவர்கள் ஊரில் அக்காவை ஆத்தெ என்பார்களாம்.

அவள் கட்டிலை ஒட்டிய சுவரில் ஒரு பழைய காலண்டர் படம் இருக்கிறது. பெண்கள் வரிசையாகக் குனிந்து நாற்று நடுகிறார்கள். மாம்பழ நிறத்தில் வெயில். எங்கள் ஊர் வயல் மாதிரியே இருக்கிறதே என்றேன். "எங்க ஊர்ல பெரிய பெரிய ஓவியனெல்லாம் பொம்பளைங்க வேல செய்யிறதத்தான் வரைஞ்சு வச்சிருக்கான் ஆத்தெ. நாத்து நடுறவ, ஆத்துல துணி தொவைக்கிறவ, மீன் கூடைக்காரி. பணக்காரங்க வீட்டு ஹால்ல மாட்டியிருக்கும். எங்கம்மா ஒரு வீட்டுக்குத் துணி தொவைக்கப் போவா. அந்த வீட்டு ஹால்லயும் ஒரு வண்ணாத்தி படம் இருந்துது. அதுக்குத் தூசி தட்டுறதும் எங்கம்மாதான்" என்று சொல்லிச் சிரித்தாள்.

எனக்கு அவளைப் பிடிக்கும். சோற்றைப் போட்டால் குறை சொல்லாமல் தின்பாள்.

ஜனவரி 22, ஞாயிறு

நேற்று ஒரு கூத்து. எனக்குச் சுத்தம் முக்கியம். ஊரிலும் அப்படித்தான், இங்கும் அப்படித்தான். மரிவிக் வேலை முடிந்து வந்தாள், அப்படியே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து தட்டை எடுத்தாள். கை கழுவவில்லை. நோயாளிகள் படுத்த துணியை நாள் பூராவும் தொட்ட கை. அவள் கழுவ மாட்டாள் என்று முன்பே கவனித்திருக்கிறேன், நேற்று விடவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் குழாயடியில் நிறுத்தி ஒரு வாளித் தண்ணீரையும் ஊற்றினேன். ஜனவரித் தண்ணீர், ஐஸ் மாதிரி இருந்தது. அவள் போட்ட கத்தலில் பக்கத்து அறைக்காரிகள் ஓடி வந்துவிட்டார்கள்.

பிறகுதான் விஷயத்தைச் சொன்னாள். இஸ்திரி போட்ட சூடு ஆறுவதற்குள் கையில் பச்சைத் தண்ணீர் படக்கூடாதாம். பட்டால் நரம்பு கெட்டுக் கை நடுங்குமாம். அதற்குப் 'பாஸ்மா' என்று பெயர். இஸ்திரிக்காரி, வண்ணாத்தி எல்லாரும் பயப்படுவார்களாம். "ஒங்க ஊர்ல வெயில்ல வந்தவுடனே குளிக்கலாமா?" என்று கேட்டாள். கூடாதுதான். ஆனாலும் சிரிப்பு வந்தது. நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள், கைகளைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு.

பிப்ரவரி 5, ஞாயிறு

மரிவிக் படம் வரையப் போகிறாள். ஜூனில் அவர்கள் நாட்டுச் சுதந்திர தினத்துக்கு இங்குள்ள பிலிப்பைன்ஸ் சங்கம் ஓவியக் கண்காட்சி வைக்கிறது. தலைப்பு 'உழைக்கும் பெண்'. அவள் பெயரைக் கொடுத்துவிட்டாள். சின்ன வயதில் மாமனோடு சேர்ந்து, அவர்கள் ஊரில் பஸ் மாதிரி ஓடுகிற ஜீப்புகளுக்குப் பூ, குதிரை, மாதா படமெல்லாம் எழுதியவளாம்.

லாண்டரியில் கழித்துப்போட்ட விரிப்பு ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து பலகையில் இழுத்து ஆணி அடித்தாள். சுவர் பெயின்ட் பூசிக் காயவைத்தாள். அறை நாற்றம் தாங்கவில்லை. ஜன்னல் பக்கம் யாரும் போகக்கூடாது என்று சட்டம் வேறு.

படத்தில் நாங்கள் நாலு பேரும் வருகிறோம். பிம்லா குப்பைப் பையை முடிச்சுப் போடுகிறாள். சாந்தனி குனிந்து அண்டா தேய்க்கிறாள். மரிவிக் விரிப்பை உதறுகிறாள். நான் நடுவில், துடைப்பானோடு. "இந்தக் காலண்டர்ல பாரு ஆத்தெ. அத்தன பேரு நிக்கிறாளுக. ஒருத்திக்காவது மொகம் தெரியுதா? தொப்பிதான் தெரியுது. எங்கம்மா மாதிரி யாராவது இருக்காளான்னு சின்னப் புள்ளையில தேடித் தேடிப் பாத்திருக்கேன். நான் மொகம் இல்லாம ஒருத்தியையும் வரைய மாட்டேன்" என்றாள். கட்டில் தலைமாட்டில் வைத்திருக்கிற மாதா படத்தைத் தொட்டுச் சொன்னாள்.

நான் மதியம் பூராவும் துடைப்பானைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முதுகு விட்டுப்போச்சு. வேலை செய்யும்போது வலிக்காத முதுகு, செய்வதுபோல நிற்கும்போது வலிக்கிறது. என் துடைப்பானுக்குச் சிவப்புக் கைப்பிடி போட்டிருக்கிறாள். எங்கள் ஆஸ்பத்திரியில் சிவப்பு என்றால் கக்கூஸ், நீலம் என்றால் வராந்தா. நீலமாக மாற்றேன்டி என்றேன். சிவப்பு இல்லாவிட்டால் படம் செத்துப்போகுமாம்.

பிப்ரவரி 12, ஞாயிறு

அண்ணன் போன். என் மகள் மாரிச்செல்விக்கு நல்ல இடம் வந்திருக்கிறது. மாப்பிள்ளைக்குக் கூட்டுறவு வங்கியில் வேலை. அவள் அப்பா போன பிறகு அண்ணன்தான் அவளை வளர்த்துக்கொண்டிருக்கிறார், அவர் பார்த்தால் சரியாகத்தான் இருக்கும்.

"ஏட்டி, அவ்வொளுக்குப் பிள்ளையைப் புடிச்சுப் போச்சு. தாயாரு வெளிநாட்டுல நர்ஸுன்னதும் ரொம்பத் திருப்தி. ஒம் போட்டோவைக் காட்டினேன். கையெடுத்துல்லா கும்புட்டாவ" என்றார்.

நான் யாரிடமும் நர்ஸ் என்று சொன்னதில்லை. ஆஸ்பத்திரி வேலை என்றுதான் சொன்னேன். யூனிஃபார்ம் நீலம், நர்ஸுகளுக்கும் நீலம், போட்டோவில் ஆஸ்பத்திரி வாசல் தெரிந்தது. ஊரே சேர்ந்து என்னை நர்ஸாக்கியது. மாரிச்செல்வி பள்ளிக்கூடத்தில் கட்டுரைகூட எழுதினாள், 'என் தாய் ஒரு செவிலி' என்று. அதற்குப் பரிசும் வாங்கினாள். பரிசு வாங்கிய பிள்ளையிடம் போய் என்ன சொல்ல முடியும்?

பிப்ரவரி 19, ஞாயிறு

மரிவிக்கிடம் பேசிவிட்டேன். கண்காட்சிக்கு வருகிறவர்கள் போனில் படம் எடுப்பார்கள், பேஸ்புக்கில் போடுவார்கள். தென்காசிக்காரப் பையன்கள் இந்த ஊரில் கொஞ்சமா இருக்கிறார்கள்? ஒருத்தன் பார்த்தால் போதும். அதனால் என் முகம் மட்டும் வேண்டாம் என்றேன்.

கோபப்படுவாள் என்று நினைத்தேன். கோபப்படவில்லை. தூரிகையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். "ஒன் மக மொகத்துக்காக ஒன் மொகத்த அழிக்கச் சொல்லுற" என்றாள். அழிக்கவெல்லாம் சொல்லவில்லையே, வரையாதே என்றுதான் சொன்னேன்.

கடைசியில் அவளே ஒரு வழி சொன்னாள். மற்ற மூன்று முகத்தையும் முதலில் முடிப்பாள். என் முகத்தைக் கடைசிக்கு வைப்பாள். "ஒனக்கு எப்ப மனசு வருதோ அப்ப வந்து ஜன்னலுக்கு நேரா ஒக்காரு. அர மணி நேரத்துல போட்டுருவேன்" என்றாள். கழுத்துக்கு மேல் இப்போது தவிட்டு நிறத்தில் ஒரு வட்டம் இருக்கிறது. கொண்டை மட்டும் என்னுடையது.

மார்ச் 3, வெள்ளி

மரிவிக் கையிலிருந்து தூரிகை இரண்டு தடவை விழுந்தது. சாந்தனி முகத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டது. தூங்காததால் என்றாள். வலது கை மட்டும் லேசாக ஆடுகிறது, உற்றுப் பார்த்தால்தான் தெரியும்.

"பாஸ்மா" என்று சொல்லிக் கண்ணடித்தாள். விளையாட்டுக்குத்தான் சொன்னாள். நான் ஊற்றியது ஒரு செம்புத் தண்ணீர்.

மார்ச் 5, ஞாயிறு

வெந்நீரில் கல்லுப்புப் போட்டு அவள் கையை ஊறவைத்தேன். அரிசி கழுவிய தண்ணீரும் நல்லதாம். தேங்காய் எண்ணெயைச் சூடு பண்ணித் தோள் வரைக்கும் தேய்த்துவிட்டேன். அவர்கள் ஊரில் மூத்திரத்தில்கூடக் கையை முக்குவார்களாம். "அதையும் கொண்டாரட்டுமா?" என்று கேட்டேன். கட்டிலில் உருண்டு உருண்டு சிரித்தாள். கை கொஞ்சம் தேவலை என்று சொன்னாள்.

மார்ச் 12, ஞாயிறு

மாரிச்செல்விக்குப் பூ வைத்தார்கள். வீடியோவில் பார்த்தேன். பச்சைப் பட்டு அவளுக்கு நல்ல எடுப்பு. ஆவணியில் கல்யாணம்.

மாப்பிள்ளையின் அம்மா போனை வாங்கினார். நல்ல மனுஷி. "மதினி, எனக்கு முட்டு ரெண்டும் வீங்கிக் கெடக்கு. நீங்க என்ன மாத்திரை சொல்லுதியளோ அதையே திங்கேன்" என்றார். சுற்றி இருந்த அத்தனை பேரும் என் வாயையே பார்த்தார்கள். எனக்கு வேர்த்துவிட்டது. பிறகு நிதானமாகச் சொன்னேன்: "மாத்திரையெல்லாம் சும்மா திங்கக்கூடாது மதினி. ஒரு எட்டு டாக்டர்ட்ட காட்டிருங்க. தள்ளிப்போட்டியள்னா பின்னால கஷ்டமாயிரும்."

பெரிய நர்ஸ் பெரிய நர்ஸ்தான் என்று யாரோ சொன்னது கேட்டது. மாரிச்செல்வி முகத்தில் அவ்வளவு பெருமை.

சாயங்காலம் மரிவிக் கைக்கு எண்ணெய் தேய்த்தேன். பென்சிலைப் பிடிக்கும்போது இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொள்கிறாள்.

மார்ச் 19, ஞாயிறு

பிம்லா முகம் முடிந்தது. அப்படியே பிம்லா. மூக்குத்திகூட மினுங்குகிறது. பிம்லா அதைப் பார்த்து அழுதாள், பிறகு மூக்கு பெரிதாக இருக்கிறது என்று சண்டை போட்டாள்.

மார்ச் 26, ஞாயிறு

நோன்பு தொடங்கிவிட்டது. பகலில் கேன்டீன் கிடையாது. மரிவிக் காலையில் எழுந்ததும் வாந்தி எடுக்கிறாள். தலை வலிக்கிறது என்கிறாள். இஸ்திரி மெஷினில் கையைச் சுட்டுக்கொண்டாள், சுட்டது அவளுக்குத் தெரியவே இல்லையாம்.

டாக்டரைப் பார்க்கலாம் என்று பிம்லா சொன்னாள். நரம்பு டாக்டர் அறையைத் தினமும் நான்தான் துடைக்கிறேன். சேலத்துக்காரர். எப்போதாவது 'சாப்டீங்களாம்மா' என்று கேட்பார். கேட்டால் சொல்லிவிடுவார்தான். ஆனால் எப்போது ஆரம்பித்தது, எதனால் ஆரம்பித்தது என்று கேட்பாரே. அவருக்கு ஆயிரம் வேலை. மரிவிக்கும் வேண்டாம் என்றுதான் சொல்கிறாள். நோய் என்று தெரிந்தால் கம்பெனி ஊருக்கு அனுப்பிவிடும் என்று பயம். படம் முடியட்டும் என்கிறாள்.

உப்பு இன்னும் இரண்டு பாக்கெட் வாங்கினேன். இரண்டு கை தண்ணீர்தான் அன்றைக்கு ஊற்றியது. அதற்குப் போய் இப்படியா?

ஏப்ரல் 2, ஞாயிறு

சாந்தனியின் முகமும் மரிவிக்கின் முகமும் முடிந்தன. தன் முகத்தை அவள் கண்ணாடி பார்த்து வரையவில்லை. "எங்கம்மா மொகமே போதும், ரெண்டும் ஒண்ணுதான்" என்றாள். இடது கையால் வலது கையைப் பிடித்துப் பிடித்து, மூச்சை அடக்கி அடக்கிப் போட்டாள். 

"பாக்கி நீதான் ஆத்தெ. ஒக்காருறியா?" என்றாள்.

அடுத்த ஞாயிறு பார்க்கலாம் என்றேன்.

ஏப்ரல் 4, செவ்வாய்

லாண்டரியில் விழுந்துவிட்டாள். விரிப்புகள் மேலேயே விழுந்தாளாம், அதனால் அடி இல்லை. எமர்ஜென்சிக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது நான் வராந்தாவைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கட்டில் போவதற்கு ஒதுங்கி நின்றேன். படுத்திருந்தது யார் என்று கட்டில் போன பிறகுதான் தெரிந்தது.

ஏப்ரல் 6, வியாழன்

டாக்டர் அறையைத் துடைத்து முடித்த பிறகும் நின்றுகொண்டிருந்தேன். என்னம்மா என்றார். அவள் என் ரூம்காரி என்றேன்.

தலைக்குள் கட்டி. பெரிதாகிவிட்டது. ஆப்பரேஷன் பண்ணினாலும் முழுக்க எடுக்க முடியாது என்றார்.

"சார், சூடா இருக்கற கையில பச்சத் தண்ணி பட்டா இப்படி வருமா?"

"எந்தத் தண்ணி?"

சொன்னேன். குழாயடி, வாளி, எல்லாம் சொன்னேன். ஒரு வாளி என்றுதான் சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை. "அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா. இது ஒரு வருஷமாவே உள்ள வளர்ந்திருக்கும். நீங்க மனசப் போட்டு கொழப்பிக்காதீங்க" என்றார். பிறகு கணினியைப் பார்த்துக்கொண்டே, "கை நடுங்க ஆரம்பிச்சப்பவே காட்டியிருந்தா கொஞ்சம் நாள் கூடக் கெடச்சிருக்கும். தினம் இந்த ரூமுக்கு வர்றீங்களே, ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே" என்றார்.

தண்ணீரால் இல்லை. எனக்கு நிம்மதியாக இருக்க வேண்டும். பாத்ரூமில் போய் வாயில் துணியை வைத்துக்கொண்டு அழுதேன். பிறகு அந்தப் பாத்ரூமையே கழுவிவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 9, ஞாயிறு

அவர்களுக்கு இன்று ஈஸ்டர். யாரோ அவளுக்குக் கலர் முட்டை கொண்டுவந்து வைத்திருந்தார்கள். ஆப்பரேஷன் முடிந்து, மழித்த தலையில் கட்டுப் போட்டிருக்கிறது. வலது பக்கம் சுத்தமாக வரவில்லை. பேச்சு வருகிறது, மெதுவாக.

நான் பையில் அவள் பென்சிலும் அட்டையும் எடுத்துப் போயிருந்தேன். ஜன்னல் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "வரைடி. இந்தா உக்காந்துட்டேன். எவன் பாத்தாலும் பாக்கட்டும்" என்றேன்.

அவள் என்னை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு இடது கையில் பென்சிலை வாங்கினாள். ஒரு கோடு போட்டாள். அது அட்டையை விட்டு வெளியே போய் விரிப்பில் இழுத்தது. திரும்பவும் போட்டாள். மூன்றாவது தடவை பென்சில் விழுந்தது, நான் எடுத்துக் கொடுத்தேன். அவள் வாங்கவில்லை.

பக்கத்தில் கூப்பிட்டாள். என் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். புருவத்தைத் தடவினாள், மூக்கைத் தடவினாள், வாய் ஓரத்தில் இருக்கிற மருவைத் தொட்டுப் பார்த்தாள்.

"நல்ல மொகம் ஆத்தெ. போன வாரம் வந்திருக்கலாம்ல" என்றாள்.

அவள் குத்திக் காட்டவில்லை. கடைக்குப் போனவளிடம் கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் மீன் கிடைத்திருக்கும் என்று சொல்வதுபோலத்தான் சொன்னாள். அதை என்னால் தாங்க முடியவில்லை.

ஏப்ரல் 17, திங்கள்

இரட்டை ஷிஃப்ட். கால் வீங்கிவிட்டது.

ஏப்ரல் 23, ஞாயிறு

மரிவிக்கைக் கம்பெனி ஊருக்கு அனுப்புகிறது. நாளைக்கு விமானம். அவர்கள் வருஷம் பூராவும் ஒரு பெரிய அட்டைப்பெட்டியில் சாமான் சேர்த்துத்தான் ஊருக்கு அனுப்புவார்கள். அவள் பெட்டி பாதிதான் நிறைந்திருந்தது. நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து நிரப்பினோம். சோப்பு, ஷாம்பு, டின் மாட்டுக்கறி, அவள் மகனுக்கு ஷூ. நான் என் புது டவலை வைத்தேன். சாந்தனி தேயிலை வைத்தாள். பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டும்போது பிம்லா விம்மினாள், எனக்குக் கண்ணீர் வரவில்லை.

படத்தை என்ன செய்ய என்று ஆஸ்பத்திரியில் போய்க் கேட்டேன். சங்கத்தில் கொடுத்துவிடச் சொன்னாள். "முடியலைன்னு சொல்லிரு. ஒரு மொகம் பாக்கின்னு சொல்லு" என்றாள்.

நானும் பிம்லாவும் டாக்சியில் அதைக் குறுக்கே வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தோம். சங்கத்தில் ஒரு பையன் வாங்கி வைத்தான். முடியாத படம், ஒரு முகம் பாக்கி என்று சொன்னேன். பரவாயில்லை என்றான்.

ஜூன் 5, திங்கள்

மரிவிக் போய்விட்டாள். அவள் மகன் போட்டோ எடுத்து, பிம்லாவின் போனுக்கு அனுப்பியிருக்கிறான். பெட்டிக்குள் வெள்ளைச் சட்டை போட்டுப் படுக்க வைத்திருக்கிறார்கள். கைகளைக் கோத்து நெஞ்சின் மேல் வைத்திருக்கிறது. கை ஆடவில்லை.

சோறு வடித்து மூன்று தட்டில் போட்டேன். யாரும் தின்னவில்லை.

ஜூன் 11, ஞாயிறு

கண்காட்சிக்குப் போனேன். பிம்லாவுக்கு லீவு கிடைக்கவில்லை, தனியாகத்தான் போனேன். நல்ல சேலை கட்டிக்கொண்டேன். ஏசி ஹால், ஆரஞ்சு ஜூஸ், கலர் பேப்பர் தோரணம். சுவர் பூராவும் உழைக்கும் பெண்கள். நாற்று நடுகிறவர்கள், துவைக்கிறவர்கள், கூடை சுமக்கிறவர்கள். எல்லார் மேலும் அதே மாம்பழ வெயில்.

எங்கள் படம் கடைசிச் சுவரில் இருந்தது. அதற்கு முன்னால்தான் கூட்டம். சிறப்புப் பரிசு என்று நீல ரிப்பன் குத்தியிருந்தார்கள். பக்கத்தில் மரிவிக்கின் போட்டோ, அதற்கு ஒரு மாலை. படத்துக்கு அவர்களே பெயரும் வைத்துவிட்டார்கள்: 'முகமில்லாதவள்'.

மைக்கில் ஒருவர் பேசினார். மற்ற மூன்று பேருக்கும் முகம் கொடுத்துவிட்டு நடுவில் நிற்பவளுக்கு மட்டும் கொடுக்காமல் விட்டதில்தான் ஓவியரின் மேதைமை இருக்கிறது என்றார். இந்த உலகம் பார்க்க மறுக்கிற தொழிலாளியை அவர் முகமில்லாமல் காட்டியிருக்கிறார் என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

எனக்குக் கோபம் மண்டைக்கு ஏறியது. அவள் மாதா மேல் சத்தியம் பண்ணியவள். முகம் இல்லாமல் ஒருத்தியையும் வரைய மாட்டேன் என்றவள். செத்தவள் வாயில் சொல்லாத பேச்சைத் திணிக்கிறார்கள். ஆனால் அந்த வட்டத்தை அவள் வைக்கவில்லை, நான் வைத்தேன். உலகம் ஒன்றும் என்னைப் பார்க்க மறுக்கவில்லை. நான்தான் பார்க்காதே என்று சொன்னேன்.

சங்கத்து அம்மா ஒருத்தர் ஜூஸ் கொண்டுவந்து கொடுத்தார். முத்துமாலை போட்டிருந்தார், பார்க்க லட்சணமாக இருந்தார். மரிவிக்கைத் தெரியுமா என்று கேட்டார். ஒரே ரூம் என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

நான் படத்தைக் காட்டினேன். அந்தத் தவிட்டு வட்டத்தைக் காட்டினேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், சத்தமாக, "அது நான்தான்" என்றேன்.

அவர் கண் கலங்கிவிட்டது. என் கையை இறுக்கிப் பிடித்து, "ஆமாம் சகோதரி, அது நாம எல்லாருமே தான்" என்றார்.

இல்லை, நான், நான் மட்டும், இது என் கொண்டை, இது என் சிவப்புத் துடைப்பான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவரை யாரோ போட்டோவுக்குக் கூப்பிட்டார்கள்.

ஜூன் 12, திங்கள்

படத்தைப் போனில் எடுத்து வந்திருந்தேன். இன்று வேலைக்கு நடுவில் மாரிச்செல்விக்கு அதை அனுப்பினேன். பிறகு வீடியோவில் கூப்பிட்டேன். யூனிஃபார்மோடு, துடைப்பான் கையில் இருக்கும்போதே கூப்பிட்டேன். இரண்டாம் மாடிப் பெண்கள் கக்கூஸ் வாசலில் நின்றேன். இனிமேல் தள்ளிப்போட என்னால் ஆகாது.

அவள் ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்கத் தையல்காரி வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். மஞ்சள் பூசியிருந்தாள். கல்யாணக் களை வந்துவிட்டது.

"எட்டி, நான் ஒண்ணு சொல்லுதேன், கேட்டுக்கோ. நான் நர்ஸ் இல்ல. தரை தொடைக்கேன். இந்தா, இதக் கழுவுதேன். வந்த நாள்லருந்து இதான் என் வேல. அந்தப் படத்துல நடுவுல நிக்கிது பாரு, அது நான். என்கூட இருந்தவ வரைஞ்சா. செத்துப்போனா" என்றேன்.

அவள் போனைக் கையால் மறைத்துக்கொண்டாள். கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. திரும்ப வந்தபோது முகம் வெளுத்திருந்தது. என்னைப் பார்க்கவில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள் போல, கண் மேலும் கீழும் போயிற்று.

நான் காத்திருந்தேன். திட்டட்டும், அழட்டும், ஏன் இத்தனை வருஷம் மறைத்தாய் என்று கேட்கட்டும். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தேன்.

"எம்மா" என்றாள். குரல் ரொம்பச் சின்னதாக இருந்தது. "இது பேஸ்புக்ல எல்லாம் வருமா?"

"வந்துருக்கும்."

"இதுல ஒம் மொகம் இல்லேல்லா?"

"இல்லட்டி."

"வேற எதுலயும் இல்லேல்லா? யாரு பாத்தாலும் நீன்னு தெரியாதுல்லா?"

"தெரியாது."

அவள் மூச்சு விட்டாள். அந்த மூச்சு எனக்கு இங்கே கேட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அழகாக, என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"அப்பம் நல்லதாப் போச்சும்மா" என்றாள்.

"ஆமாட்டி" என்றேன். "நல்லதாப் போச்சு."